பதினெட்டாவது புகார்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. குறை ஒன்று கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அது ஒரு வியாதி என்பாள் என் மனைவி. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் மருத்துவமனைத் துணி துவைப்பவன். மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அள்ளி வந்து, என் கொட்டகையில் இருக்கும் மூன்று எந்திரங்களில் போட்டு, தேய்த்து மடித்துத் திருப்பிக் கொடுப்பேன். அதற்காகத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வேனை வாங்கினேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் தகரப் பெட்டி. அதன் பக்கவாட்டில் காற்றுக்காக இரண்டு விரல் அகலத்தில் இடுக்குகள். புத்தம் புதிய வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் ஆறு மாதம் கழற்றவில்லை.

இடது இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடும். மேட்டில் ஏறினால் டிரைவர் சீட் தானாகப் பின்னால் நகரும். கால் எட்டாது, சாலைக்குப் பதில் வானம் தெரியும். பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. சில நாள் வெளியிலிருந்தும் முடியாது. ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடித்தால் ஹார்ன் அடிக்கும், நேராக்கும்வரை ஓயாது. பெரிய மருத்துவமனையின் வாசலுக்குள் நுழைய வலது பக்கம்தான் ஒடித்தாக வேண்டும்.

“இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா? இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா துணியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், ஆமா,” என்றார் அங்கிருந்த தலைமை நர்ஸ். என் பிழைப்பில் பாதி அந்த ஒரு மருத்துவமனை.

வீட்டில் ஆறுதல் கிடைத்ததா என்றால், இல்லை. நான் வண்டியைப் பற்றி வாயைத் திறந்தால் மனைவி மிக்ஸியை ஓடவிடுவாள். அவளுடைய தம்பி வந்தால், “என்ன மாமா, இன்னிக்கு நீங்க வண்டியை ஓட்டினீங்களா, வண்டி உங்களை ஓட்டிச்சா?” என்று கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். சம்பவம் நடந்த வாரம் அவள் அவன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினேழு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அந்தக் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வண்டி மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல அடக்க ஒடுக்கமாகிவிடும். மேனேஜர் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஜாப் கார்டில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார்: “குறை தென்படவில்லை.” பதினேழு கார்டுகளும் உங்கள் மேஜையில் இருக்கின்றன. நான் மனதுக்குள் அவரைத் தென்படவில்லை என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினால் ஒரு பெண் இனிமையாகச் சொல்வாள்: “எங்க ஆள் நேர்ல பார்த்து எழுதணும் சார். அப்பதான் கம்பெனி ஒத்துக்கும். வெளி மெக்கானிக் கை வெச்சா வாரண்டி போயிடும், பார்த்துக்கோங்க.”

வாரண்டி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் யாராவது ஒருவர் குறை தென்பட்டது என்று எழுதினால் வண்டியை மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் ஆயுள் முழுக்க நானும் அந்த ஹார்னும்தான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தென்படவில்லை என் கொட்டகைக்கு வந்தார். உதவிக்கு அல்ல. ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்ற தாளில் கையெழுத்து வாங்க வந்தார். நான் மரியாதையாகப் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பின்கதவை மட்டும் ஒரு தடவை பாருங்கள் என்றேன்.

“உள்ள இருந்து திறக்கலைன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே? தம்பி, கதவுல ஒண்ணும் இல்ல. திறக்கத் தெரியணும்.”

தன் செல்போனை என்னிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார்; சோதனையைப் படம் எடுத்து அனுப்புவது கம்பெனி விதியாம். ஜாப் கார்டும் பேனாவுமாக அவரே ஏறினார். துவைத்து மடித்த அறுபது விரிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவரே கதவை இழுத்துச் சாத்தினார். வீடியோவில் என் கை எங்கும் தெரியாது. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடப்பாரை இருந்தது. வாரண்டியும் இருந்தது. உதவி எண்ணுக்குப் பேசினேன்.

“பின்கதவு திறக்கல. உள்ள ஒரு ஆள் மாட்டியிருக்கார்.”

“வண்டி அவர் பேர்ல இருக்கா சார்?”

“இல்ல, என் பேர்ல. அவர் உங்க சர்வீஸ் மேனேஜர்.”

“அப்ப அவர் புகார் குடுக்க முடியாதுங்க. நீங்க குடுக்கலாம். பதிவு பண்ணிக்கிட்டேன் சார். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள எங்க சர்வீஸ் மேனேஜர் உங்களைத் தொடர்புகொள்வார்.”

“தொடர்புலதான் இருக்கார்.”

“ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

ஒரு நிமிடத்தில் என் கையிலிருந்த அவருடைய செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பதினெட்டாவது புகாரை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். இடுக்கு வழியாகக் காட்டினேன். படித்துவிட்டு உள்ளே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கம்பெனியைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மிருகமில்லை. இடுக்கில் வாழைப்பழம் நுழையாது, பிஸ்கட் நுழையும். ஐந்து பாக்கெட் கொடுத்தேன். தண்ணீருக்குத் துவைக்கும் எந்திரத்தின் குழாயை விட்டேன். படுக்க விரிப்புகள் இருந்தன, அதுவும் கஞ்சி போட்டுத் தேய்த்தவை. வெளியே நின்ற அவருடைய பைக்கின் மேல் ஒரு விரிப்பைப் போர்த்தினேன், வெயில் படக்கூடாது என்று. செல்போனில் ‘வீட்டம்மா’ என்று நாற்பது தடவை வந்தது. அடுத்தவர் போனை எடுப்பது நாகரிகமில்லை.

பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணே, டமடமன்னு சத்தம்?”

“வண்டிதான். கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன்.”

“அவனுங்க எங்க வரப் போறானுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் மூன்று எந்திரங்களையும் ஓடவிட்டேன். உள்ளே துணி இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் தட்டுவது குறைந்தது. கம்பெனியிலிருந்து எனக்குக் குறுஞ்செய்தி: ‘எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ மூன்று கொடுத்தேன்.

உங்களுடைய மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

புதன்கிழமை அவருடைய வீட்டம்மா புகார் கொடுத்து நீங்கள் வந்தபோது, சொன்ன உடனே எப்படிக் கதவைத் திறந்தேன் என்று கேட்டீர்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ் மூலையில் முழங்காலால் ஒரு இடி. இரண்டு வருடமாக அப்படித்தான் திறக்கிறேன். அதைத் திங்கட்கிழமை செய்திருந்தால் தென்படவில்லை இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டு என்ன எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அந்தப் பதினெட்டாவது கார்டு. “பின்கதவு திறக்கவில்லை. குறை தென்பட்டது. வண்டியை மாற்றித் தரப் பரிந்துரைக்கிறேன்.” கீழே கையெழுத்து, தேதி. அவருக்கு மணியும் போடுகிற நல்ல பழக்கம் உண்டு. திங்கள், பகல் பன்னிரண்டு நாற்பது. ஆமாம், உள்ளே போன ஒன்றேகால் மணி நேரத்தில் எழுதி இடுக்கு வழியாகத் தள்ளிவிட்டார். வாங்கிப் படித்தேன். பிழையில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கேட்டது கிடைத்த பிறகும் ஏன் திறக்கவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. திறக்கத்தான் எழுந்தேன். அதற்கு முன்னால், முதல் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் விளக்கிவிடலாம் என்று தோன்றியது. வைப்பர் விஷயம். அவர் குறுக்கே பேசவில்லை. வேறு கஸ்டமர் காத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. “ம்” என்றார். சொல்லி முடித்ததும், “அப்புறம் சார்?” என்று கேட்டார்.

ஐயா, என்னிடம் யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பதினேழு புகார்களும் தீர்ந்துவிட்டன. மனிதர் உள்ளே சும்மாதானே இருக்கிறார், பொழுது போக வேண்டாமா என்று நான் பிறந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எதையும் விடாமல், நிதானமாக. செவ்வாய் முழுவதும் சொன்னேன். சில இடங்களில் அழுதார். நன்றாகக் கேட்கத் தெரிந்த ஆள்.

புதன்கிழமை நீங்கள் வந்து நிற்கும்போது ஐந்தாம் வகுப்புக்குத்தான் வந்திருந்தேன். அவரை எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பாதியில் விட்டதில் அவருக்கும் வருத்தமாக இருக்கும்.