வெறுந்தண்ணியில் மிதந்த முட்டை

— அமிர்தக்கா, இன்னா முட்ட குடுத்தே நீ? கல்லுப்பு இன்னும் கையிலயே இருக்குது, வெறுந்தண்ணியிலயே மெதக்குதுக்கா!

— வா ராஜாங்கம், உள்ள வா சாமி. காப்பித் தண்ணி போடட்டா?

— காப்பி கெடக்குது போ. கோமுகி அணைய தொறந்துட்டாங்க, இன்னிக்கி வெத நெல்ல ஊறப் போட்டாவணும். முட்ட மொதல்ல அடியில கெடக்கணும். உப்பு போடப் போட மேல வரணும். வந்தாதான தண்ணி கெட்டிப்பட்டுச்சுன்னு அர்த்தம்? அப்ப நெல்லக் கொட்டினா பதரு மெதக்கும், நல்லது முழுவும். இந்தக் கூமுட்டய வெச்சிக்கினு நான் இன்னாத்த கண்டுபுடிக்கறது?

— கோவிச்சுக்காத சாமி. சட்டியில இன்னும் இருக்குது பாரு.

— கொண்டா, இங்கயே போட்டுப் பாத்துடறேன். ஐய, இதுவும் மெதக்குது. இதுவும்! எல்லாமே பழசுக்கா.

— செத்த ஒக்காரேன். நின்னுகினே இருக்கியே.

— இரு இரு. போன வருசமும் ஒங்கிட்டதான வாங்கினேன்? ரெண்டு கை உப்புக்கே மேல வந்துடுச்சு. போதும்னு நம்பி நெல்லக் கொட்டினேன். உப்பு பத்தாம பதரும் சேந்து அடியில பூடுச்சு. நாத்தங்கால்ல பாதி மொளைக்கல. ஊரு ஊரா அலைஞ்சு நாத்து வாங்கி நட்டேன். வெத நெல்ல ஒழுங்கா எடுத்து வெக்கலன்னு எம்பொண்டாட்டிய ஏசாத ஏச்செல்லாம் ஏசினேனே!

— ஐயோ, என்னாலயா அது? சத்தியமா தெரியாது சாமி. அந்தப் பொண்ணு பாவம்.

— பாவம்னு இப்ப சொல்லு. கோழி வெச்சிருக்கறவ பழச எதுக்குக் குடுக்கற? இன்னிக்கி இட்டதுல ஒண்ணு எடுத்துக் குடு, நான் ஓடறேன். ஆமா, கூடு இன்னா காலியா கெடக்குது? கோழிங்க எங்க?

— அதுங்க சீக்கு வந்து செத்து ரெண்டு வருசம் ஆவுது.

— அப்ப இந்த முட்டைங்க?

— கச்சிராயபாளையம் சந்தையில வாங்கினது. அணைய எப்பத் தொறப்பாங்களோ, நீ எப்ப வருவியோன்னு முன்னாடியே வாங்கி வெச்சிடுவேன்.

— இன்னாக்கா இது? கோழி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற வூட்ல வாங்கிக்க மாட்டனா?

— வாங்கிக்குவ. அதான் சாமி சொல்லல. எம்புள்ள திருப்பூருக்குப் போனதுலேருந்து, இந்த வூட்டு வாசல்ல நின்னு என்னைக் கூப்புடறது நீ ஒருத்தன்தான்.