கூண்டு வாசலில் கிடந்த செருப்பு

என் பெயர் சுகிர்தா, வயது முப்பத்தாறு, கணவர் பெயர் ஜோஷ்வா. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் குடியிருக்கிறேன். அங்குள்ள தொழிற்பேட்டையில் பரசுராமன் என்பவர் நடத்தும் சோதனைக்கூடத்தில் மிஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். என் கணவரும் அங்கேயே கம்பி பூட்டும் வேலை செய்கிறார். இன்று பகல் எங்கள் கூடத்தில் ஏதோ வெடித்து ஓர் ஆள் இறந்துவிட்டதாக காவல் நிலையத்துக்குப் போன் வந்தது குறித்து விசாரித்ததில் நான் சொல்வதாவது: யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

பாலத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளை மிஷினில் பூட்டி, அறுகிற வரை இழுத்து, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. இப்போது இரும்புக்குப் பதிலாகக் கார்பன் நாரைப் பிசினில் தோய்த்துச் செய்த கம்பிகள் வருகின்றன. மிஷின் கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கிறது. உள்ளே மண் போகக் கூடாதென்று செருப்பைக் கூண்டு வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். கதவைத் திறந்தால் மிஷின் தானாக நிற்கிற ஏற்பாடு எங்களிடம் கிடையாது. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பட்டனை அழுத்துவேன்.

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் பல வருடம் இரும்புக் கம்பி சோதித்தவர். இரும்பு அறுவதற்கு முன் நீளும், ஓரிடத்தில் மெலியும், தொட்டால் சூடு தெரியும். அவர் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்து, "இப்ப அறுந்துரும் பாரு" என்று சொல்லிவிட்டு விலகி நிற்பார். அதில் அவருக்குப் பெரிய கெத்து. கார்பன் கம்பி அப்படி இல்லை. மெலியாது, கடைசி வரை விறைப்பாக நிற்கும், பிறகு சடசடவென்று நார் தெறிக்கும், உடனே துடைப்பம் பிரிந்த மாதிரி வெடித்துவிடும்.

இன்று காலை முதல் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் கூண்டுக்குள் புகுந்து அதன் மேல் கை வைத்தார். நான் மிஷினை நிறுத்திவிட்டு, எல்லார் முன்னாலும், "யோவ், இது இன்னா உன் இரும்புக் கம்பியா? கை போய் ஊட்டுக்கு வந்தீன்னா நான் சோறு ஊட்டி உடமாட்டேன்!" என்று கத்தினேன். "எனக்கே நீ கத்துக் குடுக்கிறியா?" என்று முறைத்துவிட்டு வெளியே போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு, வாசலில் செருப்பு இல்லை என்று பார்த்துவிட்டு அடுத்த கம்பியை இழுக்கத் தொடங்கினேன். என் மேசையில் உட்கார்ந்தால் கூண்டு வாசல் முதுகுப் பக்கம் இருக்கும். சடசட சத்தம் ஆரம்பித்ததும் ஏனோ திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை நோக்கிக் கை போவதற்குள் கம்பி வெடித்துவிட்டது. கூரை அதிர்ந்தது, கூண்டு முழுக்கக் கருப்புத் தூள், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

உள்ளே ஓடப் பார்த்த என்னைப் பரசுராமன் சார் பிடித்து இழுத்தார். அவர் கையைக் கடித்துவிட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். உள்ளே போய்த் தரையெல்லாம் தடவிப் பார்த்தேன், கையில் நார்தான் குத்தியது, என் கணவர் இல்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கதறியதைக் கேட்டுத்தான் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ஆள் போய்விட்டதாகப் போன் செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு, என் கணவர் வெறுங்காலோடு முன்வாசல் வழியாக வந்து, "உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று என்னைக் கேட்டார். நான் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். அது உண்மை. அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதுவும் உண்மை. ஏசுவே, அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

எங்கே போனாய் என்று நான் கேட்டதற்கு, "மறுபடி தொட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன். செருப்பைக் கழட்டிட்டுக் கதவுல கை வெச்சேன், சடசடன்னுச்சு. காலைல நீ கத்துனது காதுல வந்துச்சு, அப்படியே பின்பக்கமா ஓடிட்டேன். கால்வாய்ப் பக்கம் போய்க் குந்திக்கினேன்" என்றார். கதவு தானாக மிஷினை நிறுத்தும்படி சரிசெய்யாமல் இனி ஒரு கம்பியும் இழுப்பதில்லை என்று பரசுராமன் சார் உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. தன்னை அடித்ததாக அவரும் புகார் தரவில்லை. அவர் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை ஏட்டம்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் நடுநடுவே எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஏட்டம்மா சிரித்தார், சிரிக்கட்டும். என் கணவர் அங்கேயேதான் இருக்கிறார்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்ததில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
ஜோ. சுகிர்தா