வேலுத்தாய் அக்கா ஆடிய ஒன்பது குழிகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேற்குமலை கோல்ஃப் மன்றத்தின் தலைவர் திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் செயற்குழு உறுப்பினர்களே, மருத்துவர் ஜெயசித்ரா அம்மையார் அவர்களே, இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வந்திருக்கும் மன்றத்து அன்பர்களே, இத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தும் பின்சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் மைதானப் பணியாளர்களே, மனைவியை இழந்து சோழபுரத்திலிருந்து வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் சின்னத்துரை அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். வரும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எங்கள் பயிற்சியாளர் திருமதி வேலுத்தாய் அம்மையாருக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருக்கிறது. பயிற்சியாளர்! இந்தப் பட்டத்தை அவருக்கு எப்போது கொடுத்தோம்? பத்தொன்பது ஆண்டுகள் இந்த மைதானத்தில் வேலை பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த சொல் 'புல்வெட்டு' என்பதுதான். வியாழக்கிழமை இறந்தார். சனிக்கிழமை பயிற்சியாளர் ஆகிவிட்டார்!

பயிற்சியாளர் என்று நியமன ஆணை வாங்கியவன் நான். என் பெயர் சாம்சன். பெங்களூரில் படித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, பதினொரு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தேன். வந்த முதல் வாரம், உறுப்பினர்கள் பார்க்கட்டும் என்று ஓங்கி ஓங்கி அடித்தேன். அடித்த பந்தெல்லாம் வலது பக்கம் வளைந்து வேலி முள்ளுக்குள் போய் விழுந்தது. காற்றைக் குறை சொன்னேன். பந்தைக் குறை சொன்னேன். பக்கத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"சார், கோவிச்சுக்காதிய. மட்டையை இம்புட்டு நெரிச்சுப் புடிச்சா பந்து எங்கிட்டு நேராப் போவும்?"

"உங்களுக்கு கோல்ஃப் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"கோல்ஃபு தெரியாது சார். எட்டு வருசம் மில்லுல அறுந்த நூலைச் சேர்த்திருக்கேன். இறுக்கிப் புடிச்சா இன்னொரு இடத்துல அறுந்துரும். லூசா விட்டா சேராது. நூலை எம்புட்டுப் புடிப்போமோ அம்புட்டுப் புடிச்சு அடிங்க, பாப்போம்."

அடித்தேன். நேராகப் போனது.

நண்பர்களே, இந்த மன்றத்தில் என்னிடம் பாடம் கற்ற எல்லோருக்கும் நான் முதலில் என்ன சொல்லுவேன்? "நூலைப் பிடிப்பது போலப் பிடியுங்கள்" என்று சொல்லுவேன். ஆகா, பஞ்சாலை ஊருக்கு ஏற்ற உவமை என்று எத்தனை பேர் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள்! யாருடைய சொல் அது என்று ஒரு நாளாவது நான் சொன்னேனா? சொல்லவில்லை.

தலைவர் அவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஒரு பை நிறைய மட்டைகள் வாங்கி வந்தது நினைவிருக்கும். பதினான்கு மட்டைகள். தூரம் அடிக்கும் பெரிய மட்டை இருக்கிறதே, அதன் கம்பு முறுக்கேறிய இளைஞர்களுக்கானது. ஆறு மாதம் தலைவர் அதனோடு மல்லுக்கட்டினார். எனக்கு விஷயம் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. வேலுத்தாய் அக்கா சொன்னார்.

"இந்தக் கம்பு உங்களுக்கு விறைப்பு சார். கையில வேகம் உள்ளவியளுக்குத்தான் இது வளைஞ்சு குடுக்கும். இதை வீட்டுல வச்சிட்டு வாங்க. ஏழாம் நம்பர் மட்டையை மட்டும் எடுத்து நாலு மாசம் அடிங்க. அது கைக்குப் படிஞ்ச பொறவு மத்ததைப் பாக்கலாம்."

தலைவர் அப்படியே செய்தார். நான்காவது மாதத்திலிருந்து அவர் ஆட்டம் மாறியது. யார் சொல்லிக் கொடுத்தது?

டாக்டர் ஜெயசித்ரா அம்மையார் முழங்கை வலியோடு விளையாட்டையே விட்டுவிடப் போனார். ஆண்கள் உயரத்துக்குச் செய்த மட்டை, அவர் கைக்குள் அடங்காத தடித்த பிடி. அதைக் கண்டுபிடித்தது நானா? இல்லை! அக்காதான் அந்த மட்டைகளை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒன்றரை அங்குலம் குறைத்து, மெல்லிய பிடி போட்டு வாங்கி வந்தார். "புது மட்டை வாங்கப் போனா கடைக்காரன் விலையைச் சொல்லுவான், உங்க உயரத்தைக் கேக்க மாட்டான். கையைத் தொங்கப் போட்டு நில்லுங்கம்மா, கை எது வரைக்கும் வருதுன்னு பாத்து மட்டை வாங்கணும். ஆரம்பத்துக்கு நாலு மட்டை போதும்" என்றார். டாக்டர் இன்றைக்கும் அந்த நான்கோடுதான் ஆடுகிறார்.

குழிக்குப் பக்கத்தில் வந்து மூன்று முறை, நான்கு முறை தட்டித் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் உறுப்பினர்களுக்கு அவர் என்ன சொல்லுவார்? "எல்லாரும் தூரமா அடிக்கத்தான் ஆசைப்படுதிய. இருநூறு கஜம் அடிச்சாலும் ஒண்ணு, ஒரு முழம் தட்டினாலும் ஒண்ணு. ஒரு மணி நேரம் பழக வந்தா அரை மணி நேரம் குழிக்கிட்ட நில்லுங்க." சரிவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பார்கள். "குடத்துத் தண்ணியை இதுல கவுத்தா எங்கிட்டு ஓடும்னு நினைச்சுப் பாருங்க. பந்தும் அங்கிட்டுத்தான் ஓடும்" என்பார். ஒன்பது குழித் தரைகளுக்கும் பத்தொன்பது ஆண்டுகள் தண்ணீர் விட்டவருக்குத் தெரியாத சரிவா?

சரி, இத்தனையும் தெரிந்தவர் விளையாடினாரா? விளையாடினார். திங்கட்கிழமை மைதானம் மூடியிருக்கும். புல் வெட்டி முடித்த பிறகு, உறுப்பினர்கள் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன இரண்டு பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஆடுவார். மற்றப் பணியாளர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கண்டுகொள்ளாமல் இருந்தேன். அதைக்கூட என்னுடைய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப் போவது, இங்கே சிலருக்குப் பிடிக்காது. எனக்கே பிடிக்காது.

சென்ற ஆண்டு நவம்பரில், டிசம்பர் மாதக் கோப்பைப் போட்டியில் தானும் ஆட அனுமதி கேட்டு வேலுத்தாய் அக்கா ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் இந்த மன்றத்திடம் கேட்டது அது ஒன்றுதான். டாக்டர் அம்மையார் முன்மொழிந்தார். செயற்குழு இதே மண்டபத்தில் கூடியது. அக்கா வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். பணியாளர்கள் ஆடலாமா கூடாதா என்று விதிமுறையில் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் கேட்டார்: "சாம்சன், நீங்கதான பயிற்சியாளர். நீங்க சொல்லுங்க. அந்தம்மா போட்டியில ஆடுற தரத்துல இருக்காங்களா?"

ஒரே வார்த்தை போதும். 'இருக்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். என் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? இந்த அம்மா ஆடினால், என்னிடம் படித்தவர்களையெல்லாம் ஜெயித்துவிடுவார். அப்புறம் யார் பயிற்சியாளர் என்று கேட்பார்களே!

"முறையாப் பயிற்சி எடுத்தவங்க இல்லை சார்" என்று சொன்னேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. டாக்டர் அம்மையார் எழுந்து வெளியேறினார். நானும் வெளியே வந்தேன். அக்கா கிட்டே வந்தார்.

"என்ன சார் சொன்னாவ?"

"விதிமுறை இடம் கொடுக்கலை அக்கா."

"அவிய என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க என்ன சொன்னிய?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, ஆறாவது குழியில தண்ணி தொறந்து கெடக்கு. போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகும் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகும் என் மாணவர்கள் பிடியைத் திருத்தினார். என்னிடம் மட்டும் விளையாட்டைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

போட்டி நடந்தது. தலைவர் அவர்கள் எல்லோரையும் விடக் குறைவாக, ஒன்பது குழிகளை நாற்பத்தாறு அடிகளில் முடித்துக் கோப்பையை வாங்கினார். கை தட்டினோம். மறுநாள் திங்கட்கிழமை. அதே மைதானம், குழிகளும் அதே இடத்தில். வேலுத்தாய் அக்கா ஆடினார். டாக்டர் அம்மையார் கூடவே நடந்து ஒவ்வோர் அடியையும் அட்டையில் குறித்தார். நான் பம்ப் ரூம் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாற்பத்தொன்று! தலைவர் அவர்களே, நாற்பத்தொன்று! இரண்டு பழைய மட்டைகளோடு, காலில் செருப்பும் இல்லாமல்! கடைசிக் குழியில் பந்து விழுந்ததும் டாக்டர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். நான் வெளியே வந்து கை தட்டியிருக்க வேண்டாமா? அதற்குக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த டிசம்பருக்கு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, அக்கா வேலைக்கு வரவில்லை, மூன்று நாளாகக் காய்ச்சல். நான் போன் செய்தேன்.

"அக்கா, நாளான்னைக்குப் போட்டி. ஆறாவது குழித்தரை மோசமாக் கெடக்கு. உங்களை மாதிரி யாரு வெட்டுவா? செத்த நேரம் வந்துட்டுப் போயிருங்க."

"உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். பிறகு, "சரி, டவுன் பஸ்ஸைப் புடிச்சு வாரேன்" என்றார்.

வந்தார். வெள்ளியும் சனியும் வெட்டினார். நடுவில் இரண்டு முறை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று கூடப் புல் வெட்டும் மாரிசெல்வி பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பில் தலைவர் பேசும்போது, தரை இந்த வருஷம் கண்ணாடி மாதிரி இருந்தது என்று என்னைப் பாராட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன். அந்த நேரத்தில் அக்கா சோழபுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். டாக்டர் ஜெயசித்ரா இரண்டு இரவுகள் கண் மூடாமல் கூடவே இருந்து பார்த்தார். வியாழக்கிழமை எல்லாம் முடிந்துபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அழுதுகொண்டே சொன்னார்: "காய்ச்சல் வந்தப்பவே படுத்து ஓய்வெடுத்திருந்தா, சீக்கிரமே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் சாம்சன். இந்தக் காய்ச்சலோட வேலைக்குப் போகச் சொன்னது யாரு?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா, இப்போது சொல்கிறேன். சின்னத்துரை அண்ணே, உங்களிடமும் சொல்கிறேன். கூப்பிட்டது நான்தான்.

தலைவர் என்னைப் பார்த்து, இது இரங்கல் கூட்டம், சுருக்கமாக முடியுங்கள் என்கிறார். இரங்கத்தான் ஐயா வந்திருக்கிறேன்! செய்ததைச் சொல்லாமல் எப்படி இரங்குவது? கருணைமிக்கவர், கடின உழைப்பாளி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று வாசித்துவிட்டு இறங்கச் சொல்கிறீர்களா?

என் கையில் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இந்தப் போட்டிக்கு 'வேலுத்தாய் நினைவுக் கோப்பை' என்று பெயர் சூட்டுவதாம். நான் வாசிக்க வேண்டுமாம். மேடையில் இருப்பவர்களை ஒன்று கேட்கிறேன். வேலுத்தாய் நாளைக்கே உயிரோடு எழுந்து வந்தால், வேலுத்தாய் கோப்பையில் அவரை ஆட விடுவீர்களா? விடுவீர்களா? யாரும் பேசவில்லையே! அப்படியானால் இந்தத் தாளை நான் வாசிக்க மாட்டேன்.

வேறொரு தாள் கொண்டு வந்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான் இருக்கிறது: "மன்றத்தின் பணியாளர்கள் எல்லாப் போட்டிகளிலும் ஆட உரிமை உடையவர்கள்." முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவதாக டாக்டர் அம்மையார் போட்டிருக்கிறார். பொதுக்குழுவைக் கூட்ட இருபது கையெழுத்து வேண்டும். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், என் ராஜினாமாக் கடிதம் இந்தச் சட்டைப் பையில் இருக்கிறது. மாரிசெல்வியும் சீனியம்மாளும், அக்காவிடம் திங்கட்கிழமைகளில் கற்றுக்கொண்ட மற்ற இருவரும் சுவரோரம் நிற்கிறார்கள். அவர்களுக்கு மைதானம் இங்கே இல்லையென்றால், சோழபுரத்துக் கண்மாய்க்குள் தண்ணீர் வற்றியதும் நான்கு குழி தோண்டுவேன். அவரவர் கையளந்து மட்டை வெட்டிக் கொடுப்பேன். சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் யார் சொன்னது என்று பெயர் சொல்லிக் கொடுப்பேன். அக்காவுக்கு நான் செய்ததற்கு இது ஈடாகாது என்று தெரியும். இருந்தாலும் செய்வேன். என் உயிர் உள்ளவரை செய்வேன்.

அன்பர்களே, இப்போது திருமதி வேலுத்தாய் அவர்களுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். அது முடிந்ததும், கையெழுத்துப் போட மனமுள்ளவர்கள் மட்டும் திரும்ப உட்காருங்கள். மற்றவர்களுக்கு வெளியே டீ வைத்திருக்கிறார்கள்.