ஒரே எழுத்தில் முளைத்த வால்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன், ஐயா. உங்கள் எழுத்தரின் கோழிக் கிறுக்கலை யார் படிப்பது?

படக்கதைப் பத்திரிகையில் முப்பது வருடம் எழுத்து வரைந்தவன் நான். ஓவியர் படம் போடுவார். வசனக் குமிழ்களையும் அட்டைத் தலைப்பையும் நான் எழுதுவேன். முதல் இதழுக்கு அவர் பென்சிலால் குறித்துக் கொடுத்த பெயர் ‘வாள்வீரன்’. முகமூடி, கையில் ஒரு வாள். அவர் கற்பனையின் லட்சணம் அவ்வளவுதான். நான் ‘வால்வீரன்’ என்று எழுதினேன். யோசித்துத்தான். அட்டை அச்சாகிக் கடைக்கே போய்விட்டது. வால் எங்கே என்று கேட்டுப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். முதலாளி வால் வரையச் சொன்னார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

மூன்றாம் வருடம் ஓவியருக்கு மறுபடி வாள் ஆசை வந்தது. அதற்குள் வேறொரு பத்திரிகை அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருந்தது. பிறகு முதலாளியின் மருமகன் ‘கேப்டன் வால்’ என்றார். அவருக்குப் பின் வந்தவர் ‘நெடுவாலன்’ என்றார். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் நான் வைத்த பெயருக்கே வந்து விழுந்தார்கள். நன்றி சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

போன வாரம் ஓவியர் அந்தப் பழைய பென்சில் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வாலு, என் ஓவியக் கண்காட்சியில முதல்ல இதைத்தான் மாட்டப்போறேன். நீ பண்ண தப்பைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும்.”

“அது தப்பில்ல சார். யோசிச்சு வெச்ச பேரு.”

“அடப் போய்யா! லகரத்துக்கும் ளகரத்துக்கும் உனக்கு இன்னைக்கு வரைக்கும் தகராறு.”

சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

அவருக்குக் கண் மங்கல். வண்ண நெடியில் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. மேசைமேல் இருக்கும் புட்டிகளில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இருப்பதை அப்படியே நம்புவார். நான் அவரைத் தொடக்கூட இல்லை. தூரிகை கழுவும் திரவத்துக்குப் பெயரை மாற்றினேன், அவ்வளவுதான். அடையாளம் தெரியாதிருக்க இடது கையால் எழுதினேன். மறுநாள் அவர் இருமும்வரை காத்திருந்தேன். குடித்தார். மூச்சு அடங்கியதும் அந்தப் பென்சில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

புட்டிச் சீட்டில் ‘இருமள் மருந்து’ என்று எழுத எங்கள் அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை என்று உதவி ஆசிரியை சொன்னாராம். அதைக் கேட்டு உங்கள் எழுத்தர்கூடச் சிரித்தார்.

சிரிக்கட்டும், ஐயா. அதுவும் யோசித்து எழுதியதுதான்.