ஹெட்லைட்டுக்கு அடித்த தோல் லேக்கர்

கார் ஹெட்லைட்டின் கண்ணாடி என்கிறோமே, அது கண்ணாடியே இல்லை மேடம், பிளாஸ்டிக். பலருக்கு இது தெரியாது. பிரேம்நாத் சாருக்கும் தெரியாது.

பேரணாம்பட்டில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில் அவர் மேனேஜர். ஆன்லைனில் நூறு வாட் பல்பு வாங்கி, வீட்டு வாசலில் வைத்துத் தானே மாட்டிக்கொண்டார். ஒரே மாதத்தில் சூடு தாங்காமல் அந்தப் பிளாஸ்டிக் பழுப்பேறிப் பொரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மோகனா, தோலுக்கே பளபளப்பு ஏத்துறே, இதுக்கு ஏத்த மாட்டியா? கெமிஸ்ட்ரி படிச்சதுக்கு அதானம்மா யூஸு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். லேப் வேலை தருகிறேன் என்று சேர்த்துவிட்டு, இரண்டு வருடமாக ஸ்பிரே செக்‌ஷனில் நிறுத்தியிருந்தார். அவருடைய அக்கா மகள் பாக்யலட்சுமி அந்த மாதம் மூன்று முறை லேப்புக்குள் போய்வந்தாள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாளாம். சாப்பாட்டுக் கூடைக்கு லேப்பில் என்ன வேலை? அந்தச் சாப்பாட்டுக் கதையை இன்றுவரை நான் நம்பவில்லை, எனக்குச் சொன்ன லேப் வேலைக்குத்தான் வந்திருப்பாள்.

எங்கள் பக்கம் எது மங்கினாலும், பளபளப்புக்காகத் தோலுக்கு அடிக்கும் லேக்கரைத்தான் அடிப்போம். ஹெல்மெட், நாற்காலி, கல்யாணச் செருப்பு, எதுவானாலும். அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். பழுப்பு போனது. மேலே லேக்கர் அடித்தேன். புதுசுபோல் இருந்தது. நூறு வாட்டை எடுத்துவிட்டுப் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

லேக்கர் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்கிறவள் இல்லை நான். இரண்டு நாள் முன்பே பழைய சாமான் கடையில் உடைந்த ஹெட்லைட் ஒன்று வாங்கி, லேக்கர் அடித்து, நூறு வாட் பல்பை எரியவிட்டுப் பார்த்தேன். இருபதாவது நிமிடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. எங்கள் கேட்டிலிருந்து மலைப்பாதையின் முதல் வளைவுக்கும் இருபது நிமிடம்தான். அது தற்செயல்.

காருக்கு லேக்கர் அடித்த அன்று மழை மூட்டம். ஆறு மணிக்கே இருட்டி, எல்லா வண்டியும் விளக்குப் போட்டுக்கொண்டு போனது. நான் எங்கள் கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். சாருடைய கார் பக்கத்தில் வந்து நின்றது. பின்சீட்டுக் கதவைத் திறந்தாள் பாக்யலட்சுமி. என் ஊரும் மலைக்கு அந்தப் பக்கம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"வாக்கா, மழ வர்ற மாதிரி இருக்குது. ஏறிக்கோ." நகர்ந்து உட்கார்ந்து இடம்கூடக் கொடுத்தாள்.

அந்த இடத்தைப் பார்த்தேன்.

"பஸ் வந்துரும். நீ போம்மா."

முதல் வளைவில் கார் பள்ளத்தில் இறங்கியது. சாருக்குக் கால் உடைந்தது. அவள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஸ்டேட்மென்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அவள் பக்கத்துக் கதவு சரியாக மூடவில்லை. வழியில் விழுந்துவைக்கப் போகிறாள் என்று, அதை இழுத்துச் சாத்தியது நான்தான்.