முதல் தடவை ஏறுகிறவர்கள்

ஸ்டானே: ...அப்ப காரை க்ர்மா பள்ளத்தாக்குலயே விட்டுருவோம். ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள மலைக்குடில்.

தாரிங்கா: ஆறு மணிக்கு நீ எந்திரிப்பியா? நம்ம கல்யாணத்தன்னைக்கே உன்னை எழுப்ப ஆள் அனுப்பினோம்.

ஸ்டானே: முப்பத்தாறு வருஷமா இதையே சொல்லு.

தாரிங்கா: சரி, எந்திரிச்சாச்சு. நடந்தாச்சு. அப்புறம்?

ஸ்டானே: அப்புறம்... காடு தீர்ந்துபோகும். புல்லும் தீர்ந்துபோகும். வெறும் வெள்ளைக் கல்லு. மேகமெல்லாம் நம்ம காலுக்குக் கீழ, மாடு மேயுற மாதிரி மெதுவா மேஞ்சுக்கிட்டிருக்கும்.

தாரிங்கா: கண்ணை மூடிக்கிட்டுப் பேசுற.

ஸ்டானே: மூடினாத்தான் தெரியுது. குடில்ல சூடா பார்லிக் கஞ்சி. எலுமிச்சை போட்ட டீ. மறுநாள் விடிஞ்சதும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, பாறையில அடிச்சிருக்கிற கம்பியைப் பிடிச்சு ஏறினா சின்ன திரிக்லாவ்ங்கிற துணைச் சிகரம்... அதைத் தாண்டினா அவ்வளவுதான், நாட்டுலயே உசந்த திரிக்லாவ் உச்சி.

தாரிங்கா: அவ்வளவுதானா? சின்ன திரிக்லாவுக்கு அப்புறம் அந்த முகடு இருக்கே. ரெண்டு பக்கமும் பாதாளம், நடுவுல ஒரு ஆள் நடக்கிற அகலம்.

ஸ்டானே: ஆமா... அது உனக்கு எப்படி...

தாரிங்கா: நீதானே சொல்லியிருக்க.

ஸ்டானே: ம்... சொல்லியிருப்பேன்.

தாரிங்கா: மாப்பிள்ளையோட அம்மா ஸாக்ரெப்ல இருந்து போன் பண்ணாங்க. புது பூட்ஸ் வாங்கியாச்சாம். வீட்டு மாடிப்படியில ஏறி இறங்கிப் பழகுறாங்களாம். "சம்பந்தி கூட்டிட்டுப் போறார், எனக்கென்ன பயம்"ங்கிறாங்க.

ஸ்டானே: என்னை நம்பியா...

தாரிங்கா: வேற யாரை நம்புவாங்க? எங்கப்பா நாலு தடவை ஏறினவர்னு நம்ம நேஷா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. கயித்தடி விஷயமும் சொல்லிட்டாளாம்.

ஸ்டானே: அதை எதுக்குச் சொன்னா?

தாரிங்கா: சொல்லாம? முதல் தடவை உச்சிக்கு வர்றவங்க குனியணும், முன்னாடி ஏறினவர் கயித்தால பின்பக்கம் நாலு போடணும். நம்ம ஆளுங்க விட்டிருவாங்களா? மாப்பிள்ளை, அவர் அண்ணன், அப்பா, அம்மா... நாலு பேர் ரெடி. அடிக்க வேண்டியது நீ.

ஸ்டானே: அஞ்சு பேர். நீயும் முதல் தடவைதானே.

தாரிங்கா: ...ம்.

ஸ்டானே: தாரி... மேப்பை மடிச்சு வை.

தாரிங்கா: ஏன், என்னாச்சு?

ஸ்டானே: மழைன்னு சொல்லிருவோம்.

தாரிங்கா: மூணு வாரம் கழிச்சுப் பெய்யப்போற மழை உனக்கு இன்னைக்கே தெரியுதா?

ஸ்டானே: அப்ப முழங்கால் வலின்னு சொல்லு. எதையாவது சொல்லு. அந்தக் கயித்தைப் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்ல.

தாரிங்கா: ஸ்டானே...

ஸ்டானே: நான் ஏறினதே இல்ல. நாலு தடவையும் இல்ல, ஒரு தடவையும் இல்ல. குடில் வரைக்கும் போனேன். முதல் கம்பியில கை வெச்சேன். கீழ பார்த்தேன், அடுத்த கம்பிக்குக் கை போகல. திரும்பி வந்து உட்கார்ந்து... உச்சியில இருந்து எழுதின மாதிரி உனக்கு அந்த போஸ்ட்கார்டை எழுதினேன்.

தாரிங்கா: "சூரியன் வந்துச்சு, தூரத்துல கடல் தெரிஞ்சுது, அப்ப உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்"னு...

ஸ்டானே: அத்தனையும் புளுகு. இந்த நாட்டுல பிறந்துட்டு திரிக்லாவ் ஏறலைன்னு மனசுக்குப் பிடிச்ச பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? நீ போயிருவியோன்னு பயம். அப்புறம் ஒண்ணு நாலாச்சு. இப்ப அந்த நாலு பேரும் என்னை நம்பிப் பாறையில தொங்கப்போறாங்க... நேஷா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

தாரிங்கா: நாளைக்கே கிளம்பு. நாம ரெண்டு பேர் மட்டும். அவங்க வர்றதுக்குள்ள நீ ஒரு தடவை நிஜமா ஏறிரு.

ஸ்டானே: ரெண்டு பேருமே புதுசு. வழி யாரு காட்டுவா?

தாரிங்கா: நான்.

ஸ்டானே: விளையாடாத, தாரி.

தாரிங்கா: அந்தக் கார்டு எழுதின தடவை, ஞாயித்துக்கிழமை காலையில உச்சியில இருப்பேன்னு சொல்லிட்டுப் போனியே... என்னைப் பார்த்து அசந்துபோவன்னு, நானும் மறுபக்கம் ட்ரெந்தா பள்ளத்தாக்கு வழியா உச்சிக்கு ஏறி வந்தேன். சூரியனும் இல்ல, கடலும் இல்ல. ஒரே மூட்டம். நீட்டின கை தெரியல. நீ பக்கத்துலதான் எங்கயோ நிக்கிறன்னு நினைச்சு, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்.