மேலே வந்துவிட்டேன், அம்மா

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை தாஜுன்னிசா அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மண்டபம் ஊர்ப் பெரியோர்களே, கடலில் பாசி எடுத்துவிட்டு நேராக வந்து ஈரத் தலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட பின்வரிசைத் தோழிகளே, வாசல் வேப்பமரத்தடியில் உள்ளே வராமல் நிற்கும் என் அம்மாவே, உங்கள் அனைவருக்கும் பத்தாம் வகுப்பு ஜெயப்பிரியாவின் வணக்கம்.

செருப்பைக் கழற்றிவிட்டு, படகில் நிற்பதுபோல் காலை அகட்டி நிற்கிறேன். மேசைவிரிப்பு மறைப்பதால் உங்களுக்குத் தெரியாது. நானே சொல்லிவிட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு இதே மேடை, இதே ஒலிபெருக்கி, இதே நான். பெயரைச் சொல்லி அழைத்தார்கள். வந்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். உதட்டை இறுக்கி மூடினேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்வரிசையிலிருந்து ஜோதிகாவின் குரல் வந்தது.

"ஏ பிள்ள, அவ முங்கிட்டாடி! யாராச்சும் போய்த் தூக்குங்க!"

மன்றமே சிரித்தது. இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அது நல்ல பகடிதான். ஆனால் அன்று முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ, "பாசிக்காரி மகதான? வாயத் தொறந்தா தண்ணி உள்ள போயிரும்ல" என்றார்கள். என்னால் பேச முடியாமல் போனதற்கு அம்மா தலைகுனிந்தார். அன்று போனவர், பிறகு இந்த வாசலைத் தாண்டவே இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாலும் வேப்பமரம் வரைதான்.

எனக்கு ஏன் குரல் வரவில்லை? பயமா? பயம்தான். பயம் மட்டும்தானா? இல்லை. அதைக் கண்டுபிடித்தவள் என் பக்கத்தில் உட்காரும் சாலிஹா.

"நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்? மூச்ச இழுத்த, நெஞ்சு பந்து மாதிரி ஆச்சு. அப்பறம் விடவே இல்ல. மூச்ச அடைச்சு வச்சுக்கிட்டுப் பேசுனா எப்படிடி பேச்சு வரும், கிறுக்கி?"

அவையோரே, கடற்பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பழக்கம் அது. கடலுக்குள் முங்குவதற்கு முன் மூச்சை நிரப்பு, வாயை மூடு என்றுதான் வளர்கிறோம். ஊசி போட வந்தாலும் அப்படித்தான். கணக்கு விடைத்தாள் கைக்கு வந்தாலும் அப்படித்தான். மேடையையும் கடல் என்றே நினைத்துவிட்டேன். முங்கத் தெரிந்த எனக்கு, மேலே வரத் தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு விடுமுறையில் அம்மாவோடு படகில் போனேன். பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, ஒவ்வொருவராக முங்கினார்கள். பாறையில் பாசி பறித்து மேலே வருகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? அடைத்து வைத்த மூச்சை விடுகிறார். அந்த மூச்சோடு சேர்த்து, 'ஓ...ய்' என்று கூப்பிடுகிறார். மேலே இருப்பவர்கள் பதிலுக்குக் கூப்பிட வேண்டும். ஒருத்தி கூப்பிட்டு, அதற்குள் மேலே வந்திருக்க வேண்டியவளிடமிருந்து பதில் வரவில்லை என்றால், கையில் இருக்கும் பாசியை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் முங்கித் தேடுவார்கள். ஒவ்வொருவர் கூப்பாட்டுக்கும் ஒரு ராகம் உண்டு. என் அம்மாவுடையது கடைசியில் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி எழும்.

"அது என்ன பாட்டும்மா?" என்று கேட்டேன்.

"பாட்டும் இல்ல, கூத்தும் இல்ல. உசுரோட இருக்கேன்னு சொல்றதுத்தா. வேற என்னத்தச் சொல்ல?"

சொல்லுங்கள் சான்றோரே, பேச்சு வேறு என்னத்தைச் சொல்கிறது? கவிதை வேறு என்னத்தைச் சொல்கிறது? 'நான் இருக்கிறேன், எனக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறீர்கள்' என்பதைத் தவிரப் பாட்டு வேறு என்னத்தைக் கேட்கிறது?

நேற்று அம்மாவிடம், "நாளைக்கு உள்ள வந்து உக்காரு" என்று கெஞ்சினேன்.

"அங்கன நீ மறுபடி நின்னுபோனா, நான் என்னத்தா செய்வேன்?"

"நீ கூப்பிடு. நான் மேல வந்துருவேன்."

"இத்தன சனத்துக்கு முன்னாடியா? கடல்ல கத்துறது வேற. கரையில எனக்கு ஏது கொரலு?"

அலைக்கு அஞ்சாத குரல் அவைக்கு அஞ்சலாமா? காற்றைக் கடந்து கேட்கும் குரல் கதவுக்கு வெளியே நிற்கலாமா? பாறைக்கும் மீனுக்கும் தெரிந்த குரல், பெற்ற பிள்ளை படிக்கும் பள்ளிக்குத் தெரியாமல் போகலாமா?

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. என் அம்மாவின் ராகத்தில் நானே கட்டிய வரிகள் இவை.

உப்புத் தண்ணி, உள்ளே இருட்டு,
ஒத்த மூச்சைக் கட்டிக்கிட்டு,
பாறை தொட்டுப் பாசி பறிச்சு
மேலே வாரேன், மேலே வாரேன்.
வானம் தெரியுது, வாயும் தொறக்குது,
நானும் இருக்கேன், யாரு இருக்கீக?
ஓ...ய்!

தலைமையாசிரியை அம்மா, நேரம் முடிந்ததென்று உங்கள் கை மணியின் பக்கம் போகிறது. பொறுத்தருள வேண்டும். பதில் வராமல் இந்தப் பாட்டு முடியாது. ஜோதிகா, நீ நன்றாகத்தான் கூப்பிடுகிறாய். ஆனால் நான் தேடுவது உன் குரலை இல்லை.

ஓ...ய்!

அம்மா, நான் இங்கன இருக்கேன். நீ இருக்கியா?

ஓ...ய்!

கேட்டீர்களா? வேப்பமரத்தடியிலிருந்து வந்ததே, கேட்டீர்களா? கடைசியில் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி எழுந்ததே! அவர்தான் முருகலட்சுமி. பாசிக்காரி. என் அம்மா.

முன்வரிசைப் பெரியோர்களே, ஒரு நாற்காலி ஒதுக்குங்கள். அவர் உள்ளே வருகிறார். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பதில் தந்த அவருக்கும் என் நன்றி. மேலே வந்துவிட்டேன், அம்மா. வணக்கம்.